கிராண்ட் கொண்டு சென்ற பொட்டலம்

சர்வதேச ஸ்தாபனங்களின் தலைமை உத்தியோகஸ்தர்கள் நாடாள்வோரைக் காணச் செல்லுங்கால் அறிக்கைகளைச் சுமந்து செல்வதே வழக்கமாயிருக்க, 1980 முதல் 1995 ஜனவரி வரை யூனிசெப் ஸ்தாபனத்தின் நிர்வாக இயக்குநராக விளங்கிய ஜேம்ஸ் கிராண்ட், தம் சட்டைப்பையில் ஒரு சிறு பொட்டலத்தை வைத்துக்கொண்டு சென்றார். உப்பும் குளுக்கோஸும் வேறிரு உப்புச் சத்துகளும் கலந்த அந்தத் தூளை ஒரு லிட்டர் சுத்த ஜலத்தில் கரைத்து, வயிற்றுப்போக்கினால் கண் குழிந்து, நா வறண்டு, அழவும் ஜீவனற்றுக் கிடக்கும் குழந்தைக்குச் சிறுகச் சிறுகப் புகட்டினால், போகவிருந்த உயிர் நிற்கும். ஜனாதிபதிகளின் விருந்து மேஜையில் அதை எடுத்துக் காட்டி, ஒரு கோப்பைத் தேநீரைவிட மலிவான இந்த மருந்து உங்கள் நாட்டில் எத்தனை தாய்மாரிடம் இருக்கிறது என்னும் கருத்துப்பட அவர் வினவுவார்.

அம்மருந்து அவர் கண்டதன்று. 1971-ல் கிழக்கு வங்காளத்து அகதிகள் வந்து குவிந்த பன்காவ் முகாமில் வாந்திபேதி பரவி, ரத்தக்குழாயில் ஏற்றும் திரவம் தீரும் நிலைக்கு வந்தபோது, டாக்டர் திலீப் மகாலநாபிஸ் இத்தகைய கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரைக்கொண்டே குவளையால் முகந்து கொடுக்கச் செய்தார்; நூற்றுக்கு 30 வரை இருந்த மரணம் 4-க்கும் கீழே இறங்கிற்று. பன்காவுக்கு அணித்தேயுள்ள கல்கத்தாவின் அகில இந்திய சுகாதாரக் கழகத்தை முன்னாளில் நடத்தியவரும், இந்தியச் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டியில் அங்கம் வகித்தவருமான ஜான் கிராண்ட், ஜேம்ஸ் கிராண்டின் தந்தையாரே என்பது எண்ணுந்தோறும் என் நெஞ்சை நெகிழ்விக்கிறது. வைத்திய ஞானம் கிராமத்து வாசற்படி வரை செல்ல வேண்டுமென்பது தந்தை வாழ்நாளெல்லாம் பாடுபட்ட கொள்கை. 1922-ல் பீகிங்கில் பிறந்த மைந்தர் அதனையே உலகப் பரப்பில் நடத்திக் காட்டினார்.

வளர்ச்சியைக் கண்காணித்தல், இந்தக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி என்னும் நான்கையே 1982 முதல் அவர் முதன்மையாக வற்புறுத்தியபோது, முழுமையான ஆரம்ப சுகாதாரத்தை வேண்டிய 1978-ஆம் ஆண்டு அல்மா-ஆட்டா பிரகடனத்தை இது குறுக்கிவிடுகிறதென்று அறிஞர் பலர் ஆட்சேபித்தனர். அந்த ஆட்சேபம் அற்பமானதன்று; ஆயினும் ஆஸ்பத்திரி எழும்வரை குழந்தை காத்திராதென்பதால், என் மனம் கிராண்டின் பக்கமே சாய்கிறது.

எல் சால்வடாரில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த காலத்தில், குண்டுக்கு இரையானோரினும் தடுப்பூசியின்றி மாண்ட குழந்தைகள் மிகுதி என்று ஜனாதிபதி துவார்த்தேயிடம் அவர் எடுத்துரைத்தார். திருச்சபையார் நடுநின்று கிளர்ச்சியாளரோடும் பேச, 1985-ல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் துப்பாக்கிகள் ஓய்ந்தன; அந்நாட்களில் தாய்மார் பிள்ளைகளை இடுப்பிலேந்தி ஊசி போடுமிடங்களை நாடி வந்தனர். சண்டையிடுவோர் இருவரும் ஒப்புக்கொள்ளத்தக்க காரியம் ஒன்று உண்டென்று மெய்ப்பித்த அந்த மூன்று நாட்களை, அவருடைய பதினைந்தாண்டு உத்தியோகத்தின் சிகரமாகவே கருதுகிறேன்.

1989-ல் குழந்தை உரிமை உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் சபை ஏற்றது. மறு ஆண்டு, கிராண்டின் முயற்சியால், 71 நாடுகளின் தலைவர்கள் குழந்தைகளுக்காக நியூயார்க்கில் கூடினர். அவருடைய சொந்த நாடாகிய அமெரிக்காவோ அவ்வுடன்படிக்கையில் கையொப்பமிடாதிருந்தது. புற்றுநோயால் படுத்த படுக்கையாகியும் அதனை வேண்டி ஜனாதிபதி கிளின்டனுக்குக் கடிதம் விடுத்துவிட்டு, 1995 ஜனவரி 28-ல் அவர் காலமானார். பிப்ரவரி 16-ல் அமெரிக்கா கையொப்பமிட்டது. செனட் சபையின் அங்கீகாரத்துக்கு அது இன்றளவும் அனுப்பப்படவில்லை.