கப்பலில் வந்த குளிர்

சென்னையின் ஐஸ்கிரீமுக்கு முன்கதை அமெரிக்க ஏரிகளில் இருக்கிறது. பாஸ்டன் வணிகர் பிரடெரிக் டியூடர், உறைந்த ஏரிகளிலிருந்து ஐஸை வெட்டியெடுத்து 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். நான்கு மாதக் கடற்பயணத்தில் பாதிக்கு மேல் கரையாமல் வந்ததுதான் வியப்பு. சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் இந்தச் சரக்கின் கிடங்கு. இன்றைய விவேகானந்தர் இல்லம் அதுதான். இயந்திர ஐஸ் வந்ததும் அந்த வணிகம் படுத்துவிட்டது.

இயந்திர ஐஸின் காலத்தில் எளியவர் கைக்குக் கிடைத்தது குச்சி ஐஸ். 1970இல் ராயபுரத்தில் ஆர்.ஜி. சந்திரமோகன் 13,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய தொழிலும் குச்சி ஐஸ்தான், தள்ளுவண்டிகளில் விற்றார்கள். அதுவே அருண் ஐஸ்கிரீம் ஆயிற்று. சென்னைச் சந்தை பெரிய நிறுவனங்களின் பிடியில் இருந்ததால் அருண் வெளியூர்களை நாடியது. கெட்டிக்காரத்தனமான முடிவு: போட்டியில்லாத சிறு நகரங்களில் கடைகள் பெருகின.