கேட்டெழுத்தும் கண்டெழுத்தும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நம்மவர் ஒருவரை நிறுத்தி, “ஐயா, தங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்டுப் பாருங்கள். தாம் பிறந்ததும் வளர்ந்ததும் மட்டாஞ்சேரியாயினும் அவர் அதனைச் சொல்லமாட்டார். தம் பாட்டனார் விட்டுவந்த ஊரின் பெயரையே சொல்வார். அவ்வூரைத் தாம் கண்டதுண்டா என்று மேலும் கேட்டால் சற்றே தயங்குவார். பாட்டனாரின் தந்தை பெயர் யாது என்று கேட்டாலோ, பெரும்பாலோர் வாய் மூடி நிற்பர்.

நானும் அவ்வாறு நின்றவனே. இரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணிபுரிபவன். பத்தாம் வகுப்புக்கு மேற் படித்தவனல்லன். வரலாறு எழுதுவதற்கு எனக்குள்ள தகுதி, பதிவேடுகளோடு பழகிய பழக்கம் ஒன்றே. அப்பழக்கத்தைத் துணைகொண்டு மூன்றாண்டுக் காலம் என் முன்னோரைத் தேடினேன். அத்தேட்டத்திற் கற்றவற்றை நம் சங்கத்து அன்பர்கள் முன் வைக்க விழைகின்றேன். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

பழைய கொச்சி அரசின் நிலவரிக் கணக்குகளில் இரண்டு சொற்கள் வழங்கின. ஒன்று கேட்டெழுத்து, மற்றொன்று கண்டெழுத்து. குடிகள் வாயால் சொன்னதைக் கேட்டு எழுதிய கணக்கு கேட்டெழுத்து. அதிகாரிகள் நேரிற் சென்று நிலத்தைப் பார்த்து எழுதிய கணக்கு கண்டெழுத்து. 18ஆம் நூற்றாண்டில் கேட்டெழுத்து எழுதப்பட்டது. அது போதாதென்று 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டெழுத்து எழுதப்பட்டது. தமிழறிந்தோர்க்கு இச்சொற்களுக்கு உரை வேண்டா. முன்னோரைத் தேடும் கலை முழுவதும் இவ்விரு சொற்களில் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

இக்கலையில் உலகிலேயே மிகுதியாக உழைத்தவர்களுள் அயர்லாந்து நாட்டவரின் வழித்தோன்றல்களைச் சிறப்பாகச் சொல்லவேண்டும். அயர்லாந்து நமக்கு முற்றிலும் அந்நியமான நாடன்று. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல் ஐயர் 1814இல் பிறந்தது அந்நாட்டிலேதான். 1838இல் சென்னைக்கு வந்த அவர், பின்னர்த் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியைத் தம் ஊராக்கிக்கொண்டார்.

அந்நாட்டில் 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுப் பெரும் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறி அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். அவர்களுடைய பேரரும் கொள்ளுப்பேரரும் இன்று தம் மூதாதையரின் சிற்றூர்களைத் தேடி அயர்லாந்துக்கு வருகின்றனர். ஆனால் அவர்களுக்கு நேர்ந்த இடையூறு சிறிதன்று. 1922ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், உள்நாட்டுப் போரில் தப்ளின் நகரத்து ஆவணக் காப்பகம் எரிந்து சாம்பராயிற்று. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட குடிக்கணக்குகளுட் பெரும்பகுதி அத்தீயில் அழிந்தது. 1861 முதல் 1891 வரை எடுத்த கணக்குகளையோ அரசினரே முன்னர் அழித்துவிட்டிருந்தனர். அனைவர்க்குமான பிறப்பு இறப்புப் பதிவும் 1864இல்தான் தொடங்கிற்று.

இவ்வளவும் போனபின் எஞ்சியவை யாவை? கோவிற் பங்குகளில் பாதிரிமார் எழுதிவைத்த ஞானஸ்நானப் பதிவுகளும் திருமணப் பதிவுகளும் ஒன்று. வரி விதிப்பதற்காக எழுதிய நிலக் கணக்குகள் மற்றொன்று. 1847 முதல் 1864 வரை கிரிபித் என்பவரின் மேற்பார்வையில் அயர்லாந்து முழுவதும் நிலமும் வீடும் மதிப்பிடப்பட்டன. அனுபவிப்பவர் யார், யாரிடம் குத்தகை பெற்றார், பரப்பு எவ்வளவு, மதிப்பு எவ்வளவு என்று ஊர் ஊராக எழுதினர். எழுதியவர் நோக்கம் வரி வாங்குவதே. ஏழைக் குடியானவனின் பெயரைக் காப்பது அவர் நோக்கமன்று. எனினும் அவன் பெயர் இன்றும் நிற்பது அவ்வரிக் கணக்கினாலேயே. பெருமை பேசிய ஏடுகள் எரிந்தன. வரி கேட்ட ஏடு வாழ்கின்றது.

அவர்கள் பெயர்களில் நாம் கண்டு மகிழத்தக்க ஒற்றுமை ஒன்றுண்டு. ஐரிஷ் குடிப்பெயர்கள் பலவற்றின் முன்னே ‘ஓ’ என்றோர் அடையாளம் வரும். அம்மொழியில் அதற்குப் பேரன் என்பது பொருள். ஓ பிரையன் என்றால் பிரையனின் பேரன். நம் தமிழிலோ பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். ஆகவே நம் குடும்பங்களில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பி வருவதைக் காணலாம். தேடுவோர்க்கு இது நல்லதொரு விளக்கு. ஆயினும் ஒரே ஊரில் அண்ணன் தம்பி இருவரின் பிள்ளைகளும் ஒரே பாட்டனின் பெயரைத் தாங்குவராதலின், அவ்விளக்கே சில வேளைகளில் வழி மயக்கவும் செய்யும்.

இனி நம் நிலைமைக்கு வருவோம். கொச்சியில் தேடுவோர் முதலில் தெளியவேண்டியது, தம் முன்னோர் எந்த அரசின் கீழ் வாழ்ந்தனர் என்பது. கோட்டைக் கொச்சியை 1663இல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைப்பற்றினர். 1795இல் அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றினர். பின்னர் அது மலையாள ஜில்லாவின் பகுதியாகச் சென்னை அரசாங்கத்தின் கீழ் 1956 வரை இருந்தது. நடந்து செல்லும் தூரத்திலுள்ள மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆகையால் கோட்டைவாசிகளின் பழைய சுவடுகளைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும், மட்டாஞ்சேரிவாசிகளின் சுவடுகளை எர்ணாகுளத்து வட்டார ஆவணக் காப்பகத்திலும் தேடுதல் முறை. கொச்சியின் டச்சு ஆவணங்களும் எழும்பூரில்தான் உள்ளன. டச்சுக் கம்பெனியின் ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தபோது, சென்னையிலுள்ளவையும் அவற்றுள் அடங்கின.

கோட்டைக் கொச்சியின் புனித பிரான்சிஸ் ஆலயத்தில் 1751 முதல் 1804 வரை எழுதப்பட்ட ஞானஸ்நான, திருமணப் பதிவேடு காக்கப்பட்டுள்ளது. அயர்லாந்துப் பாதிரிமாரின் ஏடுகளுக்கு நம் ஊரில் ஈடு சொல்ல அஃதொன்று போதும். யாழ்ப்பாணத்திலும் இலங்கைக் கடற்கரைகளிலும் டச்சுக்காரர் எழுதிய நிலக் கணக்கும் குடிக் கணக்கும் தோம்பு எனப்பட்டன. பாளையங்கோட்டையில் 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேடு 40 பேரின் பெயர்களைத் தாங்கி நிற்கிறது. கிறிஸ்தவரல்லாத நம்மவர்க்குக் கோவிற் பதிவேடு இல்லையே என்று கவலற்க. தமிழ்நாட்டில் செட்டில்மெண்டுப் பதிவேடும் அடங்கலும் பட்டாவும் உண்டு. கேரளத்தில் ஆதாரமும் கரம் தீர்த்த ரசீதும் தண்டப்பேர்க் கணக்கும் உண்டு. தண்டப்பேர் என்பது நிலவரி செலுத்துவோர் பெயரிலுள்ள கணக்கு. பெயரைத் தேடும் பெயரனுக்கு இதனினும் பொருத்தமான ஏடு வேறு யாது?

கடல் கடந்து சென்ற தமிழர்க்கோ கப்பற் பதிவேடுகள் உள்ளன. 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்ற கப்பல் நேட்டாலின் தர்பன் துறையை அடைந்தது. அது முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஏறத்தாழ 1,52,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், வயது, ஊர், தாலுகா, அங்க அடையாளம் ஆகியவற்றை எழுதினர். அப்பட்டியலைக் கொண்டே இன்று தென்னாப்பிரிக்கத் தமிழர் தம் ஊர்களைத் தேடி வருகின்றனர். ஆனால் அவ்வூர்ப் பெயர்கள் பல உருத்தெரியாமற் சிதைந்துள்ளன. ஏனெனில் தமிழறியாத குமாஸ்தா தன் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினான். எழுதப்பட்டதாயினும் அதுவும் ஒரு கேட்டெழுத்தே. அத்தகைய பெயரைக் கண்ணாற் படித்தால் விளங்காது. வாய்விட்டு உரக்கச் சொன்னால் ஊர் புலப்படும். பார்சல் மேசையில் நின்று பல்லாயிரம் பெயர்களைக் காதால் கேட்டு எழுதிய நானும் அக்குமாஸ்தாவின் இனத்தவனே. எத்தனை பெயர்களை நான் சிதைத்தேனோ!

நிற்க. என் சொந்தத் தேட்டத்தைச் சொல்கின்றேன். எங்கள் பாட்டனார் நான்குநேரிக்குத் தெற்கேயுள்ள ஒரு சிற்றூரிலிருந்து இளமையில் இங்கு வந்தார் என்றும், பண்டகசாலையில் மேஸ்திரியாக இருந்து பலரை வேலை வாங்கினார் என்றும் எங்கள் பெரிய அத்தை சொல்லக் கேட்டு வளர்ந்தோம். வீட்டில் எந்த நல்ல காரியம் நடந்தாலும் அம்மேஸ்திரிப் பெருமை ஒருமுறை ஓதப்படும். எங்கள் வீட்டுமனையின் மூல ஆதாரம் எங்களிடம் இல்லை. சார்பதிவகத்துப் பெயர் அட்டவணையைப் பார்த்து, அதன் நகலைப் பெற்றேன். கொல்லம் 1107ஆம் ஆண்டு மேட மாதம் எழுதப்பட்டது. அதாவது 1932ஆம் ஆண்டு நம் சித்திரை. கொல்லம் ஆண்டோடு, சிங்கம் முதல் தனுவின் இடைப்பகுதி வரை 824ஐயும், அதன்பின் 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும் என்பதைத் தேடுவோர் நினைவிற் கொள்க.

அவ்வாதாரத்தில் நான்கு எல்லைகளும் இருந்தன. பாட்டனாரின் பெயர் இருந்தது. நாங்கள் ஒருவரும் அறியாதிருந்த பூட்டனாரின் பெயரும் இருந்தது. அப்பெயரைக் கண்ட அன்று என் கை நடுங்கிற்று. ஊரின் பெயர் மட்டும் இல்லை. ‘பாண்டி தேசத்து’ என்றே எழுத்தர் எழுதிவிட்டார். தொழில் என்ற இடத்தில் மேஸ்திரி என்று இல்லை. ‘சுமட்டுத் தொழில்’ என்றிருந்தது. கையொப்பம் இடவேண்டிய இடத்தில் இடது பெருவிரல் ரேகை இருந்தது.

இதனை அத்தையிடம் சொல்வதா, மறைப்பதா என்று ஒரு மாதம் தவித்தேன். 80 வயதைக் கடந்தவரின் பெருமையைக் குலைக்க எனக்கு என்ன உரிமை? ஆயினும் பூட்டனார் பெயரைச் சொல்லாமலிருக்கவும் மனம் வரவில்லை. ஒருநாள் நகலை அவர் முன் படித்தேன். அவர் சிறிதுநேரம் பேசாதிருந்து, பின் சொன்னார்: “மூட்டை தூக்கின காசுலதான் இந்த எடத்தை வாங்குனாக, ராசா. எனக்கு மாப்பிள்ளை பாக்கையில எங்கம்மைதான் மேஸ்திரின்னு சொல்லச் சொன்னா. சொல்லிச் சொல்லி எனக்கே மறந்துபோச்சு.”

கேட்டெழுத்து பொய்த்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. அக்காரணத்தை எந்தப் பதிவேடும் எனக்குச் சொல்லியிராது. ஊரின் பெயரை அத்தையின் வாய் தந்தது. பூட்டனார் பெயரை ஆதாரம் தந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு அவ்வூருக்குச் சென்றேன். பழைய செட்டில்மெண்டுப் பதிவேட்டில் அப்பெயர் இரண்டு இடங்களில் வெவ்வேறு புஞ்சைகளுக்கு எதிரே காணப்பட்டது. இருவரும் ஒருவரா, வேறு வேறானவரா என்று துணிய இயலவில்லை. உறவு கொண்டாட அவ்வூரார் ஆயத்தமாயிருந்தனர், நான்தான் ஒப்பவில்லை. கண்டது போதாத இடத்தில் ஆசையைக் கொண்டு நிரப்பலாகாது.

இத்தகைய தேட்டம் ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கே என்று சிலர் எண்ணலாம். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். அட்டவணைச் சாதியினர்க்குரிய குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் பிறந்தது. அந்நாளில் குடும்பம் எம்மாநிலத்தில் குடியிருந்தது என்பதைக் காட்டவேண்டிய நிலை புலம்பெயர்ந்த நம்மவர்க்கு வருகிறது. நம்மிடையே ஒரு குடும்பத்துப் பிள்ளைக்கு மேற்படிப்பு நேரத்தில் அக்கேள்வி எழுந்தது. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிறோம் என்ற வாய்ச்சொல் செல்லவில்லை. அவன் பாட்டன் 1948இல் சேர்ந்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டு வரியொன்று செல்லுபடியாயிற்று. ஒரு வரி இல்லாதிருந்தால் அப்பிள்ளையின் இடம் போயிருக்கும். கோட்டைக் கொச்சி வெளியில் வாழும் சலவைத் தொழிலாளர் தம் முன்னோரை டச்சுக்காரர் அழைத்து வந்தனர் என்று சொல்லிவருகின்றனர். அத்தகைய வரலாறுகள் இன்னும் முதியோர் நாவிலேயே தங்கியிருக்கின்றன.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் சங்கத்தில் குடும்பத்துக்கொரு குறிப்பேடு வைப்போம். ஒவ்வொரு பக்கத்தையும் நடுவே கோடிட்டு இரண்டாகப் பிரிப்போம். இடப்புறம் கேட்டெழுத்து: யார் சொன்னார், எந்நாளில் சொன்னார் என்பதையும் எழுதுவோம். வலப்புறம் கண்டெழுத்து: எந்தப் பதிவேடு, எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்பதையும் எழுதுவோம். ஒன்றை அழித்து மற்றொன்றை எழுதவேண்டா. பழைய கரம் ரசீது, பள்ளிச் சான்று, திருமணப் பத்திரிகை ஆகியவற்றை எவரும் எடைக்குப் போடவேண்டா.

எங்கள் பெரிய அத்தை சென்ற தை மாதத்திற் காலமானார். அவரிடம் நான் கேட்டு எழுதியது 11 பக்கம். கேட்காமல் விட்டது எவ்வளவு என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சம் கனக்கிறது. ஏடுகள் காத்திருக்கும், முதியோர் காத்திருக்கமாட்டார். இவ்வாண்டு விழா முடிந்து வீடு திரும்பும் அன்பர்கள், இன்றிரவே தம் வீட்டுப் பெரியவர் அருகில் ஒரு தாளும் எழுதுகோலுமாக அமர வேண்டுகின்றேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!