எபிரேயத் தீர்க்கதரிசிகளும் கிறிஸ்தவச் சிந்தனையும்

'தீர்க்கதரிசி' என்ற சொல்லைக் கேட்டதும், வருவதை முன்னறிந்து கூறும் ஒருவரையே நாம் மனத்திற் கொள்கிறோம். நெடுந்தூரத்தைக் காண்பவர் என்பதே அச் சொல்லின் நேர்ப்பொருள். தமிழ் விவிலியத்தின் வழியாகப் பரவிய இச் சொல், எபிரேய மூலத்திலுள்ள 'நாபீ' என்பதற்கு ஈடாக ஆளப்பட்டது. நாம் நன்கறிந்த 'நபி' என்ற அரபுச் சொல்லோடு இனமானது அது. அழைக்கப்பட்டவர் அல்லது அழைத்துக் கூறுபவர் என்பதே அதன் அடிப்படைப் பொருள் என்பர் மொழியறிஞர் பலர். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பிலுள்ள 'இறைவாக்கினர்' என்ற சொல் இப் பொருளுக்கு நெருங்கியது.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. வருங்காலத்தை முன்னுரைப்பவர் வேறு. தம் காலத்தின் முகத்தைப் பார்த்துப் பேசுபவர் வேறு. கிறிஸ்தவச் சிந்தனை இரண்டாயிரம் ஆண்டுகளாக இவ்விரு கருத்துக்களுக்கும் இடையே ஊசலாடி வந்துள்ளது. எக் கருத்து எப்போது மேலோங்கியது, அதனால் நன்மை பெற்றோர் யாவர் என்பதே நாம் ஈண்டு நோக்க விரும்பும் வினா.

ஏசாயா, எரேமியா, எசேக்கியேல், தானியேல் ஆகிய நால்வரையும் 'பெரிய தீர்க்கதரிசிகள்' என வழங்குவது கிறிஸ்தவ மரபு. 'பெரிய' என்பது நூலின் நீளத்தைக் குறித்ததேயன்றிச் சிறப்பைக் குறித்ததன்று. நால்வருள் தானியேலின் நிலை தனியானது. யூதர்தம் வேதத் தொகுப்பில் அந் நூல் தீர்க்கதரிசன நூல்களோடு வைக்கப்படவில்லை. அது நான்காம் அந்தியோகஸ் யூதரை ஒடுக்கிய காலத்தில், கி.மு. 167க்கும் 164க்கும் இடையில், நிறைவுற்றதென்பது இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோர் முடிபு. ஏனைய மூவரையும் விளங்கிக்கொள்வதற்கு, 'சிறியவர்' எனப்பட்ட ஆமோசிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

கி.மு. 8ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், இரண்டாம் யெரொபெயாமின் ஆட்சியில், வட இஸ்ரவேல் செல்வத்திற் கொழித்தது. அதன் தலைநகராகிய சமாரியாவில் நடந்த அகழ்வாய்வுகள் யானைத்தந்தத்திற் செதுக்கிய அழகிய தளவாட அணிகளை வெளிக்கொணர்ந்தன. 1910இல் அங்கே கிடைத்த மட்பாண்ட ஓடுகளில், நாட்டுப்புறத்திலிருந்து தலைநகருக்கு வந்த எண்ணெயும் திராட்சை மதுவும் பற்றிய கணக்குகள் எழுதப்பட்டுள்ளன. தந்த அணிகளையும் கணக்கு ஓடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், யாருடைய விளைச்சல் யாருடைய மாளிகைக்குச் சென்றது என்பது விளங்கும். தெக்கோவா ஊரினரான ஆமோஸ் கால்நடை வளர்த்தவர். காட்டத்தி மரங்களைப் பேணியவர். ஏழையை ஒரு சோடிச் செருப்பின் விலைக்கு விற்கும் செல்வரையும், தந்தக் கட்டில்களிற் சாய்ந்து கிடந்து நாட்டின் அழிவை எண்ணாத பிரபுக்களையும் அவர் பெத்தேல் ஆலயத்தின் முன் சாடினார். அது அரசனின் ஆலயம் என்று கூறி அவரைத் துரத்த முற்பட்டவன் அந்த ஆலயத்தின் குருவாகிய அமத்சியாவே. நீதியற்ற சமுதாயத்தின் பலிகளையும் பாடல்களையும் இறைவன் வெறுக்கிறான் என்பது ஆமோசின் துணிபு.

அந் நூற்றாண்டின் பிற்பாதியில் எருசலேமிற் பேசிய ஏசாயாவின் குரலும் இதுவே. வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டே போய், பிறர்க்கு நிற்கவும் இடமில்லாமற் செய்வோரை அவர் கண்டித்தார். கடன்பட்ட சிறு குடியானவனின் நிலம் பெருநிலவுடைமையாளன் கைக்கு மாறிய வரலாறு இதனுள் அடங்கியுள்ளது. அநீதியான சட்டங்களை எழுதி விதவைகளையும் அனாதைகளையும் கொள்ளையிடுவோரும் அவருடைய கண்டனத்துக்குத் தப்பவில்லை. அசீரியப் பேரரசின் கப்பம் இந் நெருக்கடியை மேலும் இறுக்கியது. மெனாகேம் என்னும் வட நாட்டரசன் ஆயிரம் தாலந்து வெள்ளியைக் கப்பமாகக் கொடுத்தான் என்றும், அதற்காகச் செல்வர் ஒவ்வொருவரிடமும் ஐம்பது சேக்கல் அறவிட்டான் என்றும் அரசர் வரலாறு கூறும். அச் செல்வர் அதனை எவரிடமிருந்து ஈடுசெய்திருப்பர் என்பதை ஊகித்தல் அரிதன்று. கி.மு. 722 அளவில் சமாரியா வீழ்ந்தது.

எரேமியா வாழ்ந்தது பாபிலோனியர் எழுச்சியின் காலம். கூலி கொடாது மக்களை வேலை வாங்கி மாளிகை எழுப்பிய யோயாக்கீம் அரசனை அவர் நேர்முகமாகக் கண்டித்தார். அவர் சொல்லப் பாருக்கு எழுதிய சுருளை, கி.மு. 604 அளவில், அவ்வரசன் குளிர்காய்ந்த தீயிலே துண்டு துண்டாக வெட்டி எறிந்தான். எரேமியா அதனை மீண்டும் எழுதுவித்தார். முன்னையதிலும் பல சொற்கள் கூடின.

இதனினும் ஆழமாகச் சிந்திக்கத்தக்கது பின்னர் நிகழ்ந்தவொன்று. கி.மு. 588 அளவில் பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டபோது, நகரின் செல்வர் தம் எபிரேய அடிமைகளை விடுவிப்பதாக உடன்படிக்கை செய்தனர். எகிப்தியப் படை வருகிறதென்று கேட்டு முற்றுகை சிறிது தளர்ந்ததும், விடுவித்தவர்களை மீண்டும் அடிமையாக்கினர். ஆபத்திலே சீர்திருத்தமும் ஆபத்து நீங்கியதும் பழைய சுரண்டலும் என்ற இந்த நடைமுறையை உலக வரலாற்றில் நாம் பலமுறை காண்கிறோம். இதனை எரேமியாவின் நூல் ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்துள்ளது.

கி.மு. 597இல் நாடு கடத்தப்பட்டோருள் ஒருவரான எசேக்கியேல், மந்தையை மேய்க்காது தம்மையே மேய்த்துக்கொண்ட மேய்ப்பர் என ஆட்சியாளரை இகழ்ந்தார். தந்தையரின் குற்றத்துக்குப் பிள்ளைகள் தண்டனை பெறுவர் என்ற பழைய நம்பிக்கையை மறுத்து, ஒவ்வொருவரும் தத்தம் செயலுக்கே பொறுப்பாவர் என்றார். ஏசாயா நூலின் 40ஆம் அதிகாரம் முதலான பகுதி, இவ்வாறு நாடு கடத்தப்பட்டோரிடையே தோன்றிய வேறொருவரின் ஆக்கம் என்பது ஆய்வாளர் கொள்கை. கி.மு. 539இல் பாபிலோனைக் கைப்பற்றிய பாரசீக மன்னன் கோரேசை அது இறைவனால் அபிடேகம் பெற்றவன் எனப் போற்றுகிறது.

இவர்களை இக்காலப் புரட்சியாளராகக் காட்டுதல் வரலாற்றுக்கு முரணாகும். புதிய உற்பத்தி முறை எதனையும் அவர்கள் கனவு காணவில்லை. பழைய குலச் சமுதாயத்தின் நீதியையே மீண்டும் வேண்டி நின்றனர். எசேக்கியேல் பெண்ணை உவமையாக்கிய இடங்கள் சில இன்றைய வாசகரைக் கூசச் செய்வன. எனினும், வழிபாட்டின் மதிப்பை நீதியால் அளந்தமையும், வெற்றி பெற்ற பகைவனைப் பழிப்பதோடு அமையாது தம் மக்களின் குற்றத்தையே தோல்விக்குக் காரணமாகக் கண்டமையும் சிந்தனை வரலாற்றில் பெரும் பாய்ச்சல்களாம்.

இம் மரபைக் கிறிஸ்தவம் எங்ஙனம் ஏற்றது? நாசரேத்துத் தொழுகைக் கூடத்தில் இயேசு ஏசாயாவின் சுருளை விரித்து, ஏழைகளுக்கு நற்செய்தியும் சிறைப்பட்டோர்க்கு விடுதலையும் கூறும் பகுதியை வாசித்ததாக லூக்கா எழுதுகிறார். 'புதிய ஏற்பாடு' என்ற பெயரே எரேமியாவின் கருத்தொன்றிலிருந்து பிறந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் மார்சியன் எபிரேய வேதத்தை முற்றாக ஒதுக்க முயன்றபோது திருச்சபை அவரையே ஒதுக்கியது. ஆகவே தீர்க்கதரிசிகள் இன்றிக் கிறிஸ்தவம் இல்லை எனலாம்.

ஆயின், மத்தேயுவின் நற்செய்தி முதலாகவே வேறொரு வாசிப்பும் வலுப்பெற்றது. தீர்க்கதரிசிகள் கூறியன யாவும் கிறிஸ்துவில் நிறைவேறின என்பது அது. ஏசாயாவைத் தீர்க்கதரிசி என்பதினும் நற்செய்தியாளர் என்பதே பொருந்தும் என ஜெரோம் கருதினார். விசுவாசிகளுக்கு இவ் வாசிப்பு ஆழ்ந்த ஆறுதல் அளித்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால் 380இல் கிறிஸ்தவம் உரோமப் பேரரசின் சமயமான பின், நிறைவேறிவிட்ட தீர்க்கதரிசனம் ஆட்சியாளரை உறுத்தாத தீர்க்கதரிசனமாயிற்று. வயலோடு வயலைச் சேர்ப்போர் பற்றிய கண்டனம் பழங்கதையாயிற்று. இதனினும் கொடியது, தம் மக்களை நோக்கி அம் மக்களுள் ஒருவராக நின்று தீர்க்கதரிசிகள் கூறிய கடுஞ்சொற்கள் யூதருக்கெதிரான ஆயுதமாக்கப்பட்டமை. 386, 387ஆம் ஆண்டுகளில் அந்தியோக்கியாவில் ஜோன் கிறிசோஸ்தோம் ஆற்றிய பிரசங்கங்கள் இதற்குச் சான்று. தன்விமர்சனம் பகைமையாகத் திரிக்கப்பட்ட அவல வரலாறு இது.

எனினும் அடக்கப்பட்ட குரல் அழிந்துவிடவில்லை. 1524இல் தோமஸ் முன்ட்சர் ஜேர்மன் பிரபுக்களின் முன்னிலையில் தானியேலின் நூலை விளக்கி, அநீதியான ஆட்சிகள் நொறுங்கும் என்று பிரசங்கித்தார். மறு ஆண்டு உழவர் போரில் தோல்வியுற்றுச் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஏங்கெல்ஸ் அப் போரைப் பற்றிய தம் நூலில் அவருக்குச் சிறந்த இடமளித்தார். 1907இல் அமெரிக்காவில் வோல்ட்டர் ரவுஷன்புஷ், தொழிலாளரின் வறுமையை ஆராய்ந்த தமது நூலைத் தீர்க்கதரிசிகளிலிருந்தே தொடங்கினார். 1963 ஓகஸ்ட் 28ஆம் நாள் வோஷிங்ரனில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையில் ஆமோசும் ஏசாயாவும் மீண்டும் பேசினர். 1965இல் செல்மாவில் அவரோடு நடந்தவர்களுள் ஒருவர், தீர்க்கதரிசிகளைப் பற்றி அரிய நூல் எழுதிய யூத அறிஞர் ஏபிரகாம் ஹெஷெல். 1971இல் பெரு நாட்டுக் குரு குஸ்தாவோ குத்தியெரெஸ் விடுதலை இறையியலை நூல்வடிவிற் தந்தபோதும் இம் மரபே அவருக்குத் துணையாயிற்று.

நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் தோட்டத்தில், வாளைக் கொழுவாக அடிக்கும் ஒரு மனிதனின் சிலை நிற்கிறது. அக் கருத்து ஏசாயாவுக்கும் மீகாவுக்கும் உரியது. சிற்பி வுச்செத்திச். 1959இல் அதனை வழங்கியதோ, கடவுட் கொள்கையை ஏற்காத சோவியத் யூனியன். சமயத்தின் எல்லைக்குள் அடங்காத மானிட வேட்கை ஒன்று இப் பழைய நூல்களில் உள்ளதென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இந் நூல்களை வகுப்பறையிலும் வெளியிலும் வாசிக்கும் நாம், அவை எதனை முன்னறிவித்தன என்று வினவுவதோடு நின்றுவிடலாகாது. எவருடைய நிலம் எவரிடம் சென்றது, எவருடைய கூலி கொடுக்கப்படவில்லை, அதனைச் சொன்னவரைத் துரத்தியவர் யாவர் என்றும் வினவுதல் வேண்டும். தீர்க்கதரிசிகள் தம் காலத்தை நோக்கி எழுப்பிய வினாக்கள் அவையே.