தறிக்குழியும் தீர்ப்பாயமும்: காஞ்சியில் எம்.சி.ஓ.பி. வழக்குகளின் வரலாறு

காஞ்சிபுரம் நடந்தே பழகிய ஊர். பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதரையும் காமாட்சியையும் தரிசித்தவர்கள், சின்னக் காஞ்சிபுரத்தில் வரதரைச் சேவிக்க நடந்தே போயிருக்கிறார்கள். வைகாசி கருட சேவையன்று பெருமாளோடு ஊரே நடக்கிறது. 2019இல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாட்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இந்த வீதிகளில் கால் பதித்தார்கள். பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் தெருவிலேயே பாவு நீட்டுகிறார்கள். தறியிலிருந்து அறுத்த சேலையை மடித்து எடுத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும் நெசவாளரும், நூல் சுற்றக் கொடுத்ததை வாங்கப் போகும் பெண்ணும் அதே தெருவில்தான் நடக்கிறார்கள். தேர் ஓடுவதற்காக அமைந்த ராஜ வீதிகளில் இன்று அரசுப் பேருந்தும் சுற்றுலா வேனும் ஷேர் ஆட்டோவும் இருசக்கர வாகனங்களும் ஓடுகின்றன. நடப்பவருக்கென்று அந்த வீதிகளில் மிச்சமாக விட்டுவைத்திருப்பது மிகக் கொஞ்சம்.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். இறக்காமல் கால் முறிந்து, இடுப்பு உடைந்து வீடு திரும்பியவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. அவர்கள் போய் நிற்கும் இடம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று அதற்குப் பெயர். அங்கே போடும் மனுவை வழக்கறிஞர்களும் குமாஸ்தாக்களும் எம்.சி.ஓ.பி. என்றே சொல்வார்கள். நீதித்துறை பற்றிய மலர்களில் கட்டடங்களுக்கும் நீதியரசர்களுக்கும் இடம் உண்டு. இந்தத் தீர்ப்பாயத்துக்கும் ஒரு கட்டுரை எழுதப்பட வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நடப்பவரின் பக்கம் சட்டம் திரும்புவதற்கு நெடுங்காலம் ஆனது. 1855ஆம் ஆண்டிலேயே உயிரிழப்பு விபத்துகள் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அது இறந்தவரின் குடும்பத்துக்கு வழக்குப் போடும் உரிமையைத் தந்ததே தவிர, வழக்கை நடத்தும் வழியைத் தரவில்லை. காயம்பட்டவர் சாதாரண உரிமையியல் வழக்காகப் போட வேண்டும். கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். ஓட்டுநரின் கவனக்குறைவைத் தானே நிரூபிக்க வேண்டும். கூலிக்கு நெய்கிறவரால் ஆகிற காரியமா இது? 1939இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. வாகனத்தால் பாதிக்கப்படும் மூன்றாம் நபருக்காகக் கட்டாயக் காப்பீடு என்ற பகுதி 1946 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. 1956இல் செய்த திருத்தம்தான் தனித் தீர்ப்பாயத்துக்கு வழி திறந்தது. சென்னை மாநிலத்தில் அதற்கான விதிகள் 1961இல் வந்தன. தலைநகரில் சிறு வழக்குகள் நீதிமன்ற நீதிபதிகளும், மாவட்டங்களில் மாவட்ட நீதிபதிகளும் சார்பு நீதிபதிகளும் தீர்ப்பாயமாக அமர்ந்தார்கள். காஞ்சிபுரம் சார்பு நீதிமன்றத்துக்கு இந்த வேலை வந்தது அந்த ஏற்பாட்டின் வழியில்தான்.

தீர்ப்பாயம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னதும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான். இருட்டிய பிறகு சென்ற தனியார் பேருந்து ஒன்று, தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் மோதி எட்டுப் பேர் இறந்த வழக்கு அது. என்.கே.வி. பிரதர்ஸ் எதிர் கருமாயி அம்மாள் என்ற அந்த வழக்கில் 1980இல் தீர்ப்பெழுதிய நீதியரசர் வி.ஆர். கிருஷ்ண ஐயர், குற்றவியல் வழக்கில் ஓட்டுநர் விடுதலையானது இழப்பீட்டைத் தடுக்காது என்றார். சின்னச் சின்ன ஐயங்களையும் நுட்பக் குறைகளையும் பிடித்துக்கொண்டு பாதிக்கப்பட்டவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்றார். தவறு யாருடையது என்று பார்க்காமலே தரும் இழப்பீடு வேண்டும் என்றும் அரசை வற்புறுத்தினார். இரண்டாண்டுகளில், 1982இல், அது சட்டமானது: இறப்புக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய். சிறு தொகைதான். ஆனாலும் நடந்து போனவர் தன்மேல் தவறில்லை என்று நிரூபிக்காமலே பெறத்தக்க முதல் பணம் அது.

1988ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு 1994இல் வந்த திருத்தமும் காஞ்சிக்கு நேராகப் பயன்பட்டன. அதுவரை விபத்து நடந்த எல்லைக்குள் இருக்கும் தீர்ப்பாயத்தைத்தான் நாட வேண்டும். சென்னைக்குச் சேலை கொடுக்கப் போனவர் அங்கே அடிபட்டால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னைக்கு ஓட வேண்டும். 1994க்குப் பிறகு, மனுதாரர் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்றானது. இருந்தும் காஞ்சிக்காரர்களின் அலைச்சல் முழுதாகத் தீரவில்லை. 1997 ஜூலை 1 அன்று காஞ்சிபுரம் மாவட்டம் உருவாகி ஆட்சியர் அலுவலகம் இங்கே இருந்தபோதும், முதன்மை மாவட்ட நீதிமன்றம் செங்கல்பட்டிலேயே நீடித்தது. ஊன்றுகோலோடு வாலாஜாபாத் வழியாகப் பேருந்தில் போய், சாட்சி வரவில்லை என்பதால் வெறுமனே திரும்புவது எத்தனை குடும்பங்களுக்கு வாடிக்கையாக இருந்தது! 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. இன்று காஞ்சிக்கென்றே முதன்மை மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது.

இனி, இந்த ஊரின் வழக்குகளில் நான் முதன்மையாகக் கருதும் செய்திக்கு வருகிறேன்.

பட்டு நெசவாளர் குழித்தறியில் வேலை செய்கிறார். தறிக்குழிக்குள் கால்களை இறக்கி உட்கார்ந்து, மிதிகளை மாற்றி மாற்றி மிதித்தால்தான் பாவு பிரியும், நாடா ஓடும். கை வேலையை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களில் ஓடுவதால் தாளம் சிறிதும் தப்பக்கூடாது. இப்படிப்பட்டவரின் முழங்காலுக்குக் கீழே ஒரு இருசக்கர வாகனம் மோதி எலும்பு முறிகிறது. ஆறு மாதத்தில் கூடிவிடுகிறது. ஆனால் முழங்கால் முழுதாக மடங்கவில்லை. மருத்துவர் 30 சதவீத ஊனம் என்று சான்றிதழ் தருகிறார். அவரால் நடக்க முடியும். கடைக்குப் போக முடியும். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர், மனுதாரர் தானாகவே நடந்து கூண்டேறினார் என்பதைப் பதிவு செய்யச் சொல்கிறார். ஆனால் அந்தக் கால் தறிக்குழிக்குள் இறங்காது.

தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் நெடுநாளாக ஒரு வழக்கம் உண்டு: ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இத்தனை ஆயிரம் என்று பெருக்கிக் கொடுப்பது. சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று வைத்தால் மேற்சொன்னவருக்குக் கிடைப்பது 1,50,000. 2010 அக்டோபரில் ராஜ் குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழியைத் தெளிவாகக் காட்டியது. மருத்துவர் சொல்வது உறுப்பின் ஊனம். தீர்ப்பாயம் கண்டறிய வேண்டியது அந்த ஊனத்தால் அந்த ஆளின் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பது. இடக்கை போன தச்சருக்கு இழப்பு ஏறக்குறைய முழுமையாக இருக்கலாம், அதே கை போன எழுத்தருக்கு வேலையே போகாமல் இருக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு விளக்குகிறது. தச்சர் என்ற இடத்தில் குழித்தறி நெசவாளரையும், கை என்ற இடத்தில் காலையும் வைத்துப் பாருங்கள்.

கணக்குப் போட்டுக் காட்டினால்தான் வித்தியாசம் விளங்கும். வயது 38, மாத வருமானம் 12,000 என்று கொள்வோம். பிரணய் சேத்தி வழக்கில் 2017இல் அரசியல் சாசன அமர்வு சொன்னபடி, சுயதொழில் செய்யும் நாற்பது வயதுக்கு உட்பட்டவருக்கு எதிர்கால வருவாய்க்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும். மாதம் 16,800 ஆகிறது. ஆண்டுக்கு 2,01,600. சரளா வர்மா வழக்கில் 2009இல் வகுத்த அட்டவணைப்படி 36 முதல் 40 வயது வரை பெருக்கெண் 15. மொத்தம் 30,24,000. சம்பாத்தியத் திறனில் 60 சதவீதம் போயிற்று என்று தீர்ப்பாயம் கண்டால் 18,14,400 ரூபாய். அதே கால், அதே சான்றிதழ். ஒன்றரை லட்சத்துக்கும் பதினெட்டு லட்சத்துக்கும் நடுவே நிற்பது, நெசவு எப்படி நடக்கிறது என்பதை யாராவது கூண்டில் ஏறிச் சொன்னார்களா என்பது ஒன்றுதான்.

சொல்வதற்கு இந்த ஊரில் ஆள் இல்லாமலா போகும்? கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளரைச் சாட்சியாக அழைக்கலாம். சங்கத்தின் கூலிப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லலாம். காஞ்சியிலேயே மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. குழித்தறியில் கால் செய்யும் வேலை என்ன என்று அங்குள்ள தொழில்நுட்ப அலுவலர் சொன்னால் மறுக்க யாரால் முடியும்? மருத்துவரை விசாரிக்கும்போது சதவீதத்தோடு நிறுத்திவிடாமல், சம்மணமிட முடியுமா, முழங்கால் எத்தனை பாகை மடங்கும், குழிக்குள் இறங்கி எட்டு மணி நேரம் மிதிக்க முடியுமா என்று கேட்க வேண்டும். இதைக் கேட்கும் வழக்கறிஞர்தான் உண்மையில் வழக்கை நடத்துகிறார்.

வருமானத்துக்குச் சான்று இல்லை என்பதும் இங்கே அடிக்கடி எழும் வாதம். தனியாரிடம் கூலிக்கு நெய்கிறவரிடம் சம்பளச் சீட்டு எங்கிருந்து வரும்? காய்கறி விற்பவரிடம் வருமானச் சான்றை எதிர்பார்க்க முடியாது என்று சையத் சாதிக் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, மாதம் 6,500 ரூபாய் என்று தானே கணித்தது. நெசவாளருக்கும் அது பொருந்தும். பெண்களின் நிலை இதைவிடக் கடினம். நூல் சுற்றுவது, இழை சேர்ப்பது, கோர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா கொடுப்பது எல்லாம் வீட்டுப் பெண்கள் செய்யும் வேலை. ஆனால் கூலி வீட்டுத் தலைவர் பெயரில் எழுதப்படுவதால் மனுவில் அவர்கள் இல்லத்தரசி ஆகிவிடுகிறார்கள். இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்புண்டு என்று 2001இல் லதா வாத்வா வழக்கிலும் 2021இல் கீர்த்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. தறியில் செய்த வேலையை அதற்கு மேல் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியாக இருந்தால்? அதற்கென்று உள்ள அரசுத் திட்டத்தில் 2022 ஏப்ரல் 1 முதல் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. விண்ணப்பத்தை வருவாய்த் துறை அதிகாரி விசாரிப்பார், ஆட்சியர் அனுமதிப்பார். 2022இல் இப்படி நிற்காமல் போன வண்டிகளால் இறந்தவர்கள் 30,486 பேர். 2022-23 நிதியாண்டில் நாடு முழுவதும் வந்த விண்ணப்பங்களோ வெறும் 205! இந்த வெட்கக்கேட்டை உச்ச நீதிமன்றம் எடுத்துப் பேசியது, கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில். பாதிக்கப்பட்டவரிடம் இந்தத் திட்டத்தைச் சொல்வது காவல்துறையின் கடமை என்று 2024 ஜனவரியில் உத்தரவானது. புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை 2018 செப்டம்பர் முதல் கட்டாயமாக்கியதும், நடைபாதை என்பது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் அறிவித்ததும் இதே வழக்கில்தான். தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவர் நடப்பவர்களுக்குச் செய்த இந்தத் தொண்டை நாம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

சிகிச்சை விஷயத்தில் மாநில அரசு முந்திக்கொண்டது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. அரசு மருத்துவமனையில் போடும் விபத்துப் பதிவேட்டு நகல், எஃப்.ஐ.ஆர்., மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை ஆகிய மூன்றையும் குடும்பத்தார் தொடக்கத்திலேயே வாங்கி வைப்பது நல்லது. முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும், விரிவான அறிக்கையை 90 நாளிலும் காவல்துறையே தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022இல் விதி வந்திருக்கிறது. அது ஒழுங்காக நடந்தால் மருத்துவமனை வாசலிலேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் தரகர்களுக்கு வேலையிருக்காது. கிடைக்கும் தொகையில் பங்கு என்று பேசுவது வழக்கறிஞர் நன்னடத்தை விதிகளில் தடை செய்யப்பட்டது என்பதையும் மக்கள் அறிய வேண்டும்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. விபத்தில் ஊனமுற்றவர் அந்த ஊனத்தாலேயே தகுதி பெறுகிறார். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால் மேல்முறையீடு இல்லை, பணம் விரைவில் வரும். ஆனால் எலும்பில் வைத்த பிளேட்டை எடுக்கும் முன்பே, மீண்டும் தறியில் உட்கார முடியுமா என்று தெரியும் முன்பே சமரசத்துக்கு ஒப்புவது பெரும்பாலும் நஷ்டம். மேல்முறையீடு இல்லை என்பது அப்போது மனுதாரரையே கட்டிப்போடும்.

அரசுப் பேருந்து மோதிய வழக்குகளின் நிலை வேறு. போக்குவரத்துக் கழகங்களுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்கு உண்டு. தங்கள் நிதியிலிருந்தே தர வேண்டும். தீர்ப்பு வந்தும் பணம் வராமல், அமீனா பேருந்து நிலையத்துக்குப் போய் பேருந்தை ஜப்தி செய்யும் செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களுக்குப் புதிதல்ல. கால் போனவரை அந்த அளவுக்கு இழுத்தடிப்பது கொடுமை.

1994இல் நீக்கிய காலவரம்பு 2022 ஏப்ரல் 1 முதல் திரும்பி வந்துவிட்டது: விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். முறிந்த கால் கூடவே அத்தனை மாதம் ஆகும் ஒருவருக்கு இந்த வரம்பு நியாயமானதல்ல. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தின் முன் இருக்கின்றன. அவை முடியும் வரை காலதாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. இருந்தாலும் அதை நம்பித் தாமதிக்க வேண்டாம். சங்கத்துக் கூலிப் புத்தகம், விபத்துப் பதிவேட்டு நகல், எஃப்.ஐ.ஆர். மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆறு மாதத்துக்குள் சட்டப் பணிகள் அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள். மனுவில் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுத விடாதீர்கள். ‘குழித்தறிப் பட்டு நெசவு’ என்று எழுதச் சொல்லுங்கள்.