சுண்ணாம்புக்குள் உறங்கிய உலோகம்

சுண்ணாம்பை அறியாதார் நம்மில் எவருமிலர். சுவரில் பூசுகிறோம், வெற்றிலையில் தடவுகிறோம். ஆயினும், சூளையில் சுட்டெடுத்த சுண்ணாம்பு ஓர் உலோகத்தின் சாம்பல் என்பது மெய்ப்பிக்கப்பட்டு இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகிறது, அவ்வளவே.

கால்சியம் என்னும் பெயர், சுண்ணாம்பைக் குறிக்கும் 'கால்க்ஸ்' என்ற இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. உலோகத்தைச் சுட்டபின் எஞ்சும் பொடியையும் ஐரோப்பிய இரசவாதிகள் அதே சொல்லால் அழைத்தனர். நம் சித்த மருத்துவத்திலும் பற்பம், செந்தூரம் ஆகியவற்றோடு 'சுண்ணம்' என்பதும் சுட்டெடுக்கும் மருந்துவகையின் பெயராக நிற்பதைக் காண்கிறோம். அப்பெயர் சுண்ணாம்புக்கு எத்துணைப் பொருத்தம் என்பதை ஈரிடத்தாரும் அன்று அறிந்திலர்.

பிரான்சு நாட்டு லவாசியே 1789-இல் வெளியிட்ட தனிமப் பட்டியலில் சுண்ணாம்பும் இருந்தது. எனினும், அது ஆக்சிஜனோடு கூடிய உலோகமாக இருக்கலாம் என்ற ஐயம் அவருக்கு இருந்தது. அதனைத் தீர்த்துக்கொள்ள அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. 1794-இல் கில்லட்டினில் உயிரிழந்தார்.

1808-இல் இலண்டனில் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தின் துணையால் அவ்வுலோகத்தைத் தேடினார். பாதரசத்தை எதிர்மின்வாயாக வைத்துத் தாமும் பான்டினும் வெற்றி கண்டதை ஸ்டாக்ஹோமிலிருந்து பெர்சீலியஸ் அவருக்கு எழுதினார். அவ்வழியே இரசக்கலவையைப் பெற்ற டேவி, அதைக் கண்ணாடிக் குழாயிலிட்டுப் பாதரசத்தை ஆவியாக்கினார். சூடு ஆறுமுன் குழாய் உடைந்தது. வெள்ளியின் நிறமும் பளபளப்பும் கொண்டிருந்த உலோகம், காற்றுப் பட்ட கணமே தீப்பற்றி வெண்ணொளியுடன் எரிந்து, மீண்டும் சுண்ணாம்பாயிற்று.

1898-இல் பிரெஞ்சு வேதியியலார் முவசான் தூய படிகங்களாகவே அதைப் பெற்றார். அதன் இயல்புகள் வியப்பூட்டுவன. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.55 கிராம்; அலுமினியத்தினும் இலேசு. 842 பாகை செல்சியசில் உருகும். ஒரே நீளமும் எடையும் கொண்ட கம்பிகளை ஒப்பிட்டால், செம்பைவிடக் கால்சியமே மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆனால், காற்றும் ஈரமும் அதை விட்டுவைப்பதில்லை; வெட்டிய முகம் விரைவிலேயே மங்கும். ஆகவே அது மின்கம்பியாகவில்லை.

இயற்கையில் இவ்வுலோகம் தனித்துக் கிடைப்பதேயில்லை. டேவி கண்டது கணநேரக் காட்சி. நாம் அன்றாடம் காண்பதோ, அவ்வொளி அணைந்தபின் எஞ்சும் வெண்மையையே.