‘மட்டும்’ என்ற சொல்லுக்கு உரை

மூலம்: கருக்கலைப்பு விதி 3பி-யின்படி கருவைக் கலைப்பதற்காக மட்டும், சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், பதிவு பெற்ற மருத்துவர் போக்சோ 19(1) பிரிவின் கீழ் தரும் தகவலில் சிறுமியின் அடையாளத்தையும் பிற தனி விவரங்களையும் வெளியிடத் தேவையில்லை.

2022 செப்டம்பர் 29 அன்று, நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு சொன்னதன் சாரம் இது. தமிழ் என்னுடையது. வடசென்னையின் காலடிப்பேட்டைச் சந்து ஒன்றில் நின்று இதைப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

சிறுமி: 18 வயது நிரம்பாதவள். மனம் ஒப்பிப் பழகியிருந்தாலும், கழுத்தில் தாலியே இருந்தாலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்கு அவள் குழந்தைதான்.

தகவல்: குற்றம் நடந்ததை அறிந்தவர் எவரும் போலீசுக்குச் சொல்ல வேண்டும், மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. மருத்துவருக்கும் விலக்கு இல்லை. இந்தத் தீர்ப்புக்குப் பிறகும் தகவல் போகும், பெயர்தான் போகாது.

அடையாளம்: மூலத்தின் உயிர் இந்தச் சொல்லில் இருக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒரு பெண் இரண்டு நாள் வாந்தியெடுத்தால் மூன்றாம் வீட்டுக்குத் தெரியும். “ஏரியாவுல தெரிஞ்சா என்னாகும்” என்ற பயத்தில் அவள் வயிற்றுவலி என்கிறாள், தளர்ந்த சுடிதார் போடுகிறாள், நாள் கடத்துகிறாள். விதி 3பி தரும் எல்லையோ 24 வாரம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி ஷேர் ஆட்டோ போகும் தூரத்தில்தான் இருக்கிறது; 1880இலிருந்து வடசென்னைக்குப் பிரசவம் பார்க்கும் இடம். ஆனால் அதன் வாசலைத் தாண்ட விடாமல் அவளைத் தடுப்பது இந்தப் பயம். தனியே சுமந்த பயம் பிரசவத்தோடு இறங்கிவிடாது. தூக்கமின்மையாக, காரணமில்லாத அழுகையாக, பிள்ளையைத் தூக்கவே மனம் வராத வெறுமையாக நிற்கும். வீட்டார் அதைத் திமிர் என்பார்கள். அது நோய்.

சிறுமியும் பாதுகாவலரும்: எண்ணும்மை, இருவரும் கேட்க வேண்டும். அம்மாவிடம் சொல்லவே நடுங்குகிறவளுக்கு இது பெரிய படி.

மட்டும்: பிரிநிலைப் பொருள். கலைக்க வந்தவளைப் பிரித்து எடுத்துக் காக்கிறது. பெற்றுக்கொள்ள முடிவு செய்தவளையும், 24 வாரம் கடந்து வேறு வழியின்றிப் பெறுகிறவளையும் வெளியே நிறுத்துகிறது. இவர்களுக்கு இன்னொரு கதவும் அடைபடுகிறது. தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி பெற 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். இளவயதுத் திருமணத்தைத் தடுக்கவே அந்த நிபந்தனை. நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் இரத்தச்சோகையோடு ஏற்கெனவே வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவளுக்கு அந்த உதவியில் அடங்கிய சத்துணவுப் பெட்டகத்தை மறுப்பதால் எந்தத் திருமணமும் நிற்கப் போவதில்லை. மூலத்தில் உள்ள ‘மட்டும்’ நீங்க வேண்டும் என்பதே என் முடிபு.

மேலே நோய் என்று சொன்ன, தாயின் மனச்சோர்வை அறிய எடின்பரோ வினாப்பட்டியல் என்று ஒன்று 1987இலிருந்து புழக்கத்தில் உள்ளது. பத்தே கேள்விகள், பத்தாவது, தன்னையே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. தடுப்பூசி போடப் பிள்ளையோடு வருகிற 17 வயதுத் தாயிடம், பிள்ளையின் எடையைக் குறித்த கையோடு, செவிலியர் அக்கா இதையும் கேட்கட்டும். உங்கள் தெருவில் அப்படி ஒருத்தி இருந்தால், புத்தி சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். மனநல உதவிக்கான டெலி-மானஸ் எண் 14416; கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.