உயர்வலிமை அலுமினியக் கலப்புலோகங்கள்

உயர்வலிமை அலுமினியக் கலப்புலோகங்கள் என்பவை வெப்பப் பதப்படுத்தலால் வலிமையூட்டப்பட்டு, வானூர்தி, ஏவூர்தி ஆகியவற்றின் சுமை தாங்கும் உறுப்புகளில் பயன்படும் உலோகங்கள் ஆகும். இவ்வுறுப்புகளுள் பல, சூடான உலோகத்தை அச்சில் அழுத்தியோ அடித்தோ உருவாக்கும் ஃபோர்ஜிங் முறையில் செய்யப்படுகின்றன. இவற்றுக்கான கலப்புலோகத் தேர்வில் வலிமை மட்டுமே அளவுகோல் அன்று.

வகைகள்

நான்கு இலக்கப் பெயரின் முதல் இலக்கம் முதன்மைக் கலப்புத் தனிமத்தைக் குறிக்கும்.

* 2000 வரிசை: செப்பு (எ.கா: 2014, 2219)
* 7000 வரிசை: துத்தநாகம் (எ.கா: 7075, 7050)

7075இல் ஏறத்தாழ 5.6% துத்தநாகம், 2.5% மக்னீசியம், 1.6% செப்பு உள்ளன. இதையொத்த கலப்புலோகம் ஒன்று 1936இல் சப்பானில் உருவாக்கப்பட்டு, சீரோ போர் வானூர்தியில் பயன்பட்டது.

தகைவு அரிமான வெடிப்பு

ஃபோர்ஜிங்கின்போது உலோக மணிகள் ஒரு திசையில் நீள்கின்றன. அத்திசையில் வலிமை மிகுதி. தடிப்பின் குறுக்கே குறைவு. குறுக்குத் திசையில் இழுவிசை நீடித்து, ஈரப்பதமும் சேர்ந்தால், மணி எல்லைகள் வழியே வெடிப்பு பரவும். வடிவமைப்பு வரம்புக்கு உட்பட்ட சுமையிலும் உறுப்பு உடையக்கூடும் என்பதே இதன் ஆபத்து.

டி6 பதத்தில் 7075இன் இழுவலிமை ஏறத்தாழ 570 மெகாபாசுக்கல். ஆனால் இவ்வெடிப்புக்கு எளிதில் உள்ளாகும். கூடுதலாக முதிர்வூட்டிய டி73 பதத்தில் வலிமை சுமார் 10 முதல் 15% குறையும். வெடிப்பெதிர்ப்போ பன்மடங்கு உயரும். எனவே தடித்த உறுப்புகளுக்கு டி73 போன்ற பதங்களே விரும்பப்படுகின்றன.

தடிப்பின் விளைவு

பதப்படுத்தலில் உலோகத்தை விரைந்து குளிர்விக்க வேண்டும். தடித்த உறுப்பின் நடுப்பகுதி மெதுவாகக் குளிர்வதால் அங்கு வலிமை குறைகிறது. 7050இல் குரோமியத்துக்குப் பதிலாக சிர்க்கோனியம் சேர்க்கப்படுவதால் இக்குறை தணிகிறது.

இந்திய ஏவூர்திகளில்

இசுரோவின் எல்விஎம்3 ஏவூர்தியின் சி25 கடுங்குளிர் நிலையில் எரிபொருள் கலன்கள் 2219ஆல் ஆனவை. இது 7075ஐ விட வலிமை குறைந்தது. எனினும், உருக்கிப் பற்றவைக்க ஏற்றது. நீர்ம ஐதரசனின் -253 °செ வெப்பநிலையிலும் நொறுங்காது. 7075ஐ அவ்வாறு பற்றவைத்தால் வெடிப்பு தோன்றும். கசிவில்லாக் கலனுக்குப் பற்றவைப்பே அடிப்படை என்பதால் இங்கு 2219 பொருந்துகிறது. சி25 நிலை 2017 பெப்ரவரியில் தமிழ்நாட்டின் மகேந்திரகிரியில் 640 வினாடிகள் இயக்கிச் சோதிக்கப்பட்டது. 2017 சூன் 5 அன்று முதன்முறை விண்ணில் இயங்கியது.